ஷ்தானவ், இலியிச்செவ்ஸ்க்: இந்த ஊர்கள் எங்கே போயின?

பெட்போர்டு பையன், குன்னூர்

வணக்கம். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்று தகர ஸ்டென்சில் தகடுகள் கிடைத்தன. முன்பெல்லாம் தேயிலைப் பெட்டி மேல் வைத்து மை தடவுவார்களே, அதுதான். கடைக்காரர் எடைக்குப் போட்டுக் கொடுத்தார். நான் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன், முன்னறைச் சுவரில் மாட்டலாம் என்று வாங்கினேன்.

ஒன்றில் லெனின்கிராட் என்று இருக்கிறது. அது தெரியும். மற்ற இரண்டில் ஷ்தானவ், இலியிச்செவ்ஸ்க் என்று வெட்டியிருக்கிறது. மேப்பில் அந்தப் பெயர்களில் துறைமுகம் எதையும் காணோம். ஷ்தானவ் என்று போட்டால் ஒரு மீசைக்காரர் படம் வருகிறது. தங்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்து மண்டையைக் குடைகிறது. எங்கள் சாலைக்கு ஏதோ ஒரு துரை பெயர். அதை எடுத்துவிட்டு ஒரு தலைவர் பெயரை வைக்க வேண்டும் என்று வார்டில் பேச்சு நடக்கிறது. எந்தத் தலைவர் என்பதில்தான் தகராறு. சோவியத் நாட்டில் நகரம் நகரமாகப் பெயர் மாற்றினார்களே, எப்படிச் சமாளித்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, நாலு விஷயம் தெரிந்துகொண்டு போகலாம் என்று கேட்கிறேன்.

டால்பின்நோஸ்

ஷ்தானவ்தான் மரியுபோல். 2022 போர்ச் செய்திகளில் தினமும் அடிபட்டதே, அதே ஊர். இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. இங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எப்போதாவது எழுதுவார், அவர் கண்ணில் பட்டால் போதும்.

பழைய ஷிப்பிங் கிளார்க்

கண்ணில் பட்டுவிட்டது. தம்பி, நான் குன்னூரில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் பிரிவில் இருந்தேன். கம்பெனி இப்போது இல்லை, பெயர் எதற்கு.

முதலில் ஊர்களை முடித்துவிடுவோம். ஷ்தானவ், அசோவ் கடல் துறைமுகம். ஆந்திரேய் ஷ்தானவ் என்பவர் ஸ்டாலினுக்கு மிக நெருக்கமாக இருந்த கட்சிப் பிரமுகர், பிறந்தது மரியுபோலில். 1946ல் அக்மதோவா என்ற கவிஞரையும் சோஷென்கோ என்ற எழுத்தாளரையும் பகிரங்கமாகக் கிழித்துத் தொங்கவிட்டவர். 1948ல் அவர் இறந்ததும் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1989ல் எடுத்துவிட்டார்கள். இலியிச்செவ்ஸ்க் ஒடேசாவுக்குப் பக்கத்தில். லெனினை அங்கே மரியாதையாக இலியிச் என்று அப்பா வழிப் பெயரால் சொல்வார்கள், அதிலிருந்து வந்தது. லெனின் என்பதில் ஒரு லெனின்கிராட், உல்யானவ் என்ற குடும்பப் பெயரில் ஒரு உல்யானவ்ஸ்க், இலியிச்சில் இது. மனிதர் பெயரில் ஒரு துண்டு மீதி வைக்கவில்லை. உக்ரைன் 2015ல் கம்யூனிஸ்ட் கால அடையாளங்களை அகற்றச் சட்டம் போட்டது. 2016ல் இலியிச்செவ்ஸ்க் சொர்னோமோர்ஸ்க் ஆயிற்று. உல்யானவ்ஸ்க் ரஷ்யாவுக்குள் இருப்பதால் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இனி உங்கள் தகடு. அந்தக் காலத்தில் நம் தேயிலைக்குப் பெரிய கிராக்கி சோவியத்துதான். டாலர் கிடையாது, ரூபாய்க் கணக்கில் வியாபாரம். ரஷ்யாவுக்கு வாங்குகிற ஆள் ஏலத்தில் வந்து உட்கார்ந்தார் என்றால் மலை முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். பிளைவுட் பெட்டி, உள்ளே அலுமினியத் தாள், விளிம்பெல்லாம் தகரப் பட்டை. பெட்டியின் முகத்தில் ஷிப்பிங் மார்க் போட வேண்டும்: கம்பெனிக் குறி, லாட் நம்பர், கிராஸ் எடை, நெட் எடை, எல்லாவற்றுக்கும் கீழே துறைமுகம்.

தகடு வெட்ட எங்களிடம் ஒரு மேஸ்திரி இருந்தார். பிஸ்கட் டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தி, உளியால் எழுத்து வெட்டுவார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து வெட்டுவார், ஒரு எழுத்து பிசகாது. ஆங்கில ஓ வந்தால் மட்டும் முனகுவார். நடுவட்டம் தனியாகக் கழன்று விழாமல் இருக்க இரண்டு பக்கமும் அரிசி அகலத்துக்குத் தகரத்தை விட்டு வெட்ட வேண்டும். உங்கள் தகட்டில் பாருங்கள், அந்த இடம் மை ஊறி ஊறித் தேய்ந்திருக்கும்.

லாரி மேட்டுப்பாளையம் இறங்கி, பாலக்காட்டு வழியாகக் கொச்சி போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெலிங்டன் பக்கத்துக் கொடௌனில் ஏற்றுகிற பெட்டி, கொச்சியில் வில்லிங்டன் தீவில் இறங்கி, ஷ்தானவுக்குக் கப்பல் ஏறும். ஒரு ஆங்கிலேயத் தளபதி, ஒரு வைஸ்ராய், ஒரு புரட்சிக் கட்சிச் செயலாளர். மூன்று பேரில் ஊர்ப் பெயரை இழந்தது கடைசி ஆள்தான்.

ஷ்தானவ் என்ற பெயரை எடுத்த வருஷத்தில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. எல்.சி., அதாவது பணத்துக்கு வங்கி தருகிற உறுதிக் கடிதம், ஷ்தானவ் என்று திறந்து வந்திருந்தது. பெட்டியிலும் அதையேதான் அடித்து அனுப்பினோம். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் யாரோ பேப்பர் படிக்கிற மனிதர், பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீதில் மரியுபோல் என்று டைப் அடித்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் அன்றைய சரியான பெயர். வங்கியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், துறைமுகம் வேறு வேறு என்று பேப்பரைத் திருப்பிவிட்டார்கள். அதே ஊர், அதே துறை, கப்பல் கட்டுகிற அதே கம்பம். மாஸ்கோவுக்கு டெலெக்ஸ், அங்கிருந்து பதில், அந்தப் பதிலுக்கு ஒரு விளக்கம். பணம் வரும் வரை முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதுத் தகடு வெட்டச் சொன்னபோது மேஸ்திரி கேட்டார், "ஏனுங்க, அந்த ஊரையே தூக்கிட்டாங்களா?"

அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. ஊருக்கும் அந்தப் பெயருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. மேலே யார் நாற்காலி ஆடுகிறதோ அதைப் பார்த்துக் கீழே போர்டு மாறும். பெர்ம் என்ற ஊருக்கு 1940ல் சோவியத் பிரதமர் மோலோடோவ் பெயரை வைத்தார்கள், ஆள் உயிரோடு, பதவியில் இருக்கும்போதே. 1957ல் கட்சித் தலைவர் குருஷ்சேவோடு மோதித் தோற்றார், அந்த வருஷமே பெர்ம் திரும்பிவிட்டது. உயிரோடு இருப்பவர் பெயரை ஊருக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவும் அப்போதுதான் போட்டார்கள். லுகான்ஸ்க் கதை இன்னும் மோசம். மார்ஷல் வோரோஷிலோவ் பெயரில் 1935ல் வோரோஷிலோவ்கிராட், 1958ல் லுகான்ஸ்க், வோரோஷிலோவ் 1969ல் இறந்ததும் 1970ல் மறுபடி வோரோஷிலோவ்கிராட், 1990ல் மறுபடி லுகான்ஸ்க். அந்த ஊரில் பிறந்து அங்கேயே வளர்ந்து அங்கேயே ரிட்டையரான ஒருவருடைய காகிதங்களை நினைத்துப் பாருங்கள்.

காமாஸ் லாரி செய்கிற ஊர் நாபரெஷ்னியே செல்னி. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் 1982ல் இறந்தார், ஊர் பிரெஷ்னேவ் ஆனது. 1988ல் போயிற்று. இஷெவ்ஸ்க் என்ற ஊருக்குப் பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ் பெயரை வைத்தார்கள், அது 1987க்கு மேல் நிற்கவில்லை. ஊர்க்காரர்களுக்கே பிடிக்கவில்லை.

லெனின்கிராட் மட்டும் கொஞ்சம் வேறு. 1914ல் ஜெர்மனியோடு சண்டை வந்ததும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்பது ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று பெட்ரோகிராட் ஆக்கினார்கள். 1924ல் லெனின் இறந்ததும் லெனின்கிராட். 1991 ஜூன் 12ல் ஜனங்களிடமே வோட்டு எடுத்தார்கள். பழைய பெயர் வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய 54 சதவீதம். மீதிப் பேர் எல்லாம் கட்சிக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1941 முதல் 1944 வரை ஜெர்மன் முற்றுகையில் பட்டினி கிடந்து பிழைத்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு அது லெனின் பெயர் இல்லை, செத்துப்போன வீட்டாட்களின் ஊர்ப் பெயர். நகரம் மாறிய பிறகும் சுற்றியுள்ள மாகாணம் இன்றுவரை லெனின்கிராட் மாகாணம்தான். விமான நிலையக் குறி எல்.இ.டி., அதுவும் மாறவில்லை. நிஷ்னி நோவ்கோரோடு 1990லேயே எழுத்தாளர் கார்க்கியின் பெயரை உதறிவிட்டது, ஆனால் அதன் விமானக் குறி ஜி.ஓ.ஜே. என்று கார்க்கியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சமாராவுக்கு இன்னும் அதன் சோவியத் காலப் பெயரான குய்பிஷெவின் குறி. குறியை மாற்றுவதற்கு எந்தத் தலைவரும் மேடை போடுவதில்லை, அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆக, உங்கள் கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். பெயர் மாற்றக் கேட்பது அந்தச் சாலையில் குடியிருப்பவரா, வெளியே இருப்பவரா? மாற்றினால் பத்திரம், ஆதார், கேஸ் கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது எல்லாவற்றுக்கும் யார் அலைவது?

மகன் வோல்கோகிராடில்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் பையன் வோல்கோகிராடில் டாக்டருக்குப் படிக்கிறான். நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிறைய. ஐயா அந்த ஊரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. சாரிட்சின், 1925ல் ஸ்டாலின்கிராட், 1961ல் வோல்கோகிராட். ஸ்டாலின் உடலைச் செஞ்சதுக்கத்துச் சமாதியிலிருந்து எடுத்த கையோடு பெயரையும் எடுத்தார்களாம். இப்போது 2025ல் விமான நிலையத்துக்கு மட்டும் ஸ்டாலின்கிராட் என்று புதின் உத்தரவு போட்டுவிட்டார். ஊர் வோல்கோகிராட், இறங்குகிற இடம் ஸ்டாலின்கிராட்.

பையன் போன லீவுக்கு வந்தபோது என் மாமியார் அவனிடம், "நம்ம ஸ்டாலின் பேர அங்கயும் வெச்சிட்டாங்களாடா" என்று கேட்டார்கள். அவன் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அப்புறம் உட்கார வைத்து விளக்கினான். கருணாநிதி மகன் பிறந்தது 1953 மார்ச் 1, ரஷ்ய ஸ்டாலின் இறந்தது மார்ச் 5, அதையொட்டி வைத்த பெயர் என்று. பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க எடுத்தா என்ன, இங்க இருக்குதல்ல" என்று எழுந்து போய்விட்டார்கள்.

மூஞ்சிக்கல் வாசி, கொடைக்கானல்

ரஷ்யா வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? எங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். 1985ல் மதுரையிலிருந்து பிரிந்தது. அண்ணா மாவட்டம், காயிதே மில்லத் மாவட்டம், மன்னர் திருமலை மாவட்டம் என்று திண்டுக்கல்லோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா, நான், தம்பி மூவரும் ஒரே பள்ளிக்கூடம். சான்றிதழ்களை வரிசையாக வைத்தால் மூன்று மாவட்டத்துப் பிள்ளைகள் என்று நினைப்பார்கள். வேலைக்கு மனுப் போட்ட இடத்தில் நாங்கள் உடன்பிறந்தவர்கள்தானா என்றே ஒருவர் கேட்டார்.

அப்போதெல்லாம் வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் ராணி மங்கம்மாள் என்று எழுதியிருக்கும். உங்கள் பக்கம் சேரன். மன்னர், ராணி எல்லாம் இருந்தவரை பிரச்சினை இல்லை. 1997ல் தென் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. ஒரு தலித் வீரர் பெயர் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தல். கலவரம், சாவு. கடைசியில் கருணாநிதி அரசு எல்லா மாவட்டத்திலும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. ஒருவர் பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக எல்லோர் பெயரும் போனது. அமைதி வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று ஜெயித்தது யார் என்று கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பழைய ஷிப்பிங் கிளார்க்

கோபம் நியாயம்தான். சோவியத்தில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் யாரும் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். மனதுக்குள் இருந்திருக்கும்.

2020 ஜூனில் நம் அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியிட்டது நினைவிருக்கிறதா? கோயம்புத்தூருக்கு ஒரு நீட்டு, வேலூருக்கு ஒரு நீட்டு. ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். போர்டு எழுதும் பெயிண்டர்கள் தப்பித்தார்கள்.

ஜெகதளா ஹட்டி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெலிங்டன் வேடிக்கையை என்னால் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

வெலிங்டன் என்ற இடத்துக்கு வெள்ளைக்காரர்களே முதலில் எழுதிய பெயர் ஜெக்கதலா. பட்டாளத்துக்குப் பாரக்ஸ் கட்டிய பிறகு 1860ல்தான் வெலிங்டன் ஆக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றவர், பிறகு வாட்டர்லூவில் ஜெயித்தவர், அந்தத் தளபதிக்கு எங்கள் ஹட்டியின், அதாவது எங்கள் படகர் ஊரின், பெயரைத் தூக்கிவிட்டு இடம் கொடுத்தார்கள். ஜெகதளா இன்றைக்கும் பேரூராட்சியாக இருக்கிறது. ஆனால் வெளியூரில் எங்கே என்று கேட்டால் நானே வெலிங்டன் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. லெனின்கிராட்காரர்களுக்காவது 1991ல் ஒரு வோட்டு கிடைத்தது. எங்களிடம் 1860லும் கேட்கவில்லை, 1947லும் கேட்கவில்லை. பாரக்ஸுக்கு மட்டும் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் என்று ஒரு இந்தியத் தளபதி பெயர் வந்தது. பட்டாளத்துக்குள் மாற்ற முடிகிறது, ஸ்டேஷன் போர்டில் முடியவில்லை.

செலவைப் பற்றிச் சொன்னீர்கள். ஆதாரும் பத்திரமும் அலைச்சல்தான், நானும் அலைந்தவள். ஆனால் அந்தக் கணக்கை முதலில் வைத்திருந்தால் மதராஸ் மாநிலம் என்பதே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சங்கரலிங்கனார் 1956ல் தமிழ்நாடு என்ற பெயருக்காகப் பட்டினி கிடந்து செத்தார். 1967 ஜூலை 18ல் தீர்மானம், 1969 பொங்கலுக்குத் தமிழ்நாடு. எத்தனை ரப்பர் ஸ்டாம்பு மாற்றியிருப்பார்கள்? யாராவது இன்று அந்தக் கணக்கைக் கேட்கிறோமா?

பெட்போர்டு தம்பிக்கு: துரை பெயரை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பதில் இன்னொரு கட்சிக்காரர் பெயர் எதற்கு? அந்த மேட்டுக்குத் துரை வருவதற்கு முன்னால் ஒரு பெயர் இருந்திருக்கும். பக்கத்து ஹட்டியில் வயசானவர்கள் யாரையாவது கேளுங்கள். தேயிலைக்கு முன்னால் அங்கே என்ன விளைந்தது, எந்த ஓடை ஓடியது என்பது வரைக்கும் சொல்வார்கள்.

பெட்போர்டு பையன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். ஐயாவின் இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள். ஜெகதளா அக்காவின் கேள்வியைக் கேட்டதும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், முதல் தடவையாக ஒற்றுமையாக. முடிவு எதுவும் எடுக்கவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் பழைய பெயரை விசாரித்துவைக்கும் வேலை என் தலையில். ஐயா, நீங்கள் இதில் எந்தப் பக்கம்? வெலிங்டனை மாற்றலாமா, கூடாதா?

பழைய ஷிப்பிங் கிளார்க்

அம்மணி கேட்டதற்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது. தமிழ்நாடு என்று கேட்டவர்கள் கீழே இருந்தவர்கள், பெயரும் ஆள் பெயர் இல்லை. நாளைக்கு ஆட்சி மாறினாலும் யாரும் எடுக்கப் போவதில்லை. ஜெகதளாவும் அந்த வகைதான். நான் புலம்புவது பிரெஷ்னேவ் மாதிரிப் பெயர்களைப் பற்றி.

வெலிங்டன் விஷயத்தில் மட்டும் என்னிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள் தம்பி. என் பென்ஷன் பாஸ்புக்கில் கிளைப் பெயரே அதுதான். பெயர் மாறினால் ஐ.எஃப்.எஸ்.சி. குறியும் மாறுமா என்று யாராவது வங்கியில் விசாரித்துச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.